ஒட்டோ கியரைக் குற்றம் சொல்லாதீர்கள்

பதிவு நீளம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வான், கெப், சின்ன லொறி ஓடி உழைக்கிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற சேருக்கு கராஜ் விசயத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்களும் வாசிக்கலாம்.

போன தவணையில் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று காரணம் கேட்டேன். "கெப் நிக்குது சேர்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது போதும். தகப்பனின் கெப் நின்றால் தாய் தென்னந்தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். தாய் போனால் சின்னத் தம்பியைப் பார்க்க இவள் வீட்டில் நிற்கவேண்டும். மாதம் முடிய லீசிங்காரர் படலையில் நிற்பார்.

தகப்பனை எனக்கு ஏழெட்டு வருசமாகத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருக்கிறார். 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலோடு மனுவல் வாகனத்தில் கிளச் மிதித்து ஓடிப் பார்த்தவர். ஒருநாள் சந்தியில் வைத்துக் கால் கிளச்சில் இருந்து வழுக்கி, முன்னால் நின்ற சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கு விட்டார் மனுவலை. பிறகு இருந்த காணித்துண்டை ஈடு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, ஒரு பழைய ஹைலக்ஸ் வீகோ எடுத்தார். மூன்று லீற்றர் டீசல், ஒட்டோ கியர். விடியப்புறம் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு தாளையடி, மருதங்கேணி, வெற்றிலைக்கேணிக் கரைக்குப் போவார். வரும்போது மீன். மீன் படாத நாளில் தேங்காய்.

அந்த மனிசனிடம்தான் பளைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து ஒருவர் சொன்னார்: "ஒட்டோ வன்னிக்குச் சரிவராது அண்ணை. ஒரு மனுவல் பெட்டியைத் தூக்கிப் போடுங்கோ." நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். சொன்னவருக்கு அவருடைய கால் ஞாபகம் வரவேயில்லை. இந்தப் பதிவு அந்தத் தேத்தண்ணிக் கடையில்தான் தொடங்கியது.

நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஆனி மாதம் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் வரிசை, அதற்குப் பின் கியூஆர். அந்த நேரத்தில் வெளியிடத்தில் இருந்து ஒருவர் வந்து, "ஒரு சின்னப் பெட்டி பூட்டினால் வலு 30 சதவீதம் கூடும், டீசலும் மிச்சம், எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை" என்று சொல்லிப் பலருக்குப் பூட்டிவிட்டுப் போனார். கால் மணித்தியால வேலை. டீசல் ரெயிலில் உள்ள பிரஷர் சென்சரின் வயரைக் கழற்றி, நடுவில் இந்தப் பெட்டியைச் சொருகுவது, அவ்வளவுதான். அண்ணையும் பூட்டினார். உண்மையைச் சொல்லவேண்டும், கெப் பாய்ந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவு மட்டும் போய்க் காட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆறேழு மாதத்தில் இயக்கச்சிப் பக்கம் 70 இல் போகும்போது ஒரு நடுக்கம். தண்டவாளத்தில் டயர் ஏறினது போல ஒரு "டர்ர்". கேட்டவர்கள் எல்லாம் டயரைப் பார் என்றார்கள். பிறகு ஒருநாள் கரையில் மீனோடு மணலில் புதைந்தது. அரை மணித்தியாலம் டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி மாற்றி மிதித்திருக்கிறார்கள். எரிந்த மணம். அதற்குப் பிறகு டி இல் போட்டால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, நாலு சில்லும் நிலத்தில் உருள, பளை வரைக்கும் இழுத்து வந்தார்கள். அன்றைய மீன் கருவாட்டுக்குப் போனது.

பெட்டியைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். பிரித்தால் செலவு கூட என்று, ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். நாலு மாதம். அதுவும் போய்விட்டது. "பார்த்தீங்களா, ஒட்டோ எண்டாலே இப்படித்தான்" என்று ஊர் முழுக்க ஒரே கதை.

நான் கேட்கிறேன்: முதல் பெட்டி ஏன் செத்தது என்று ஒருவராவது பார்த்தார்களா? காய்ச்சலில் வந்த பிள்ளைக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்த டொக்டரை நாங்கள் விடுவோமா?

சரி, பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். மனுவலில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் கிளச் தட்டு. ஒட்டோவில் அந்த இடத்தில் டோர்க் கன்வேட்டர். இரண்டு மின்விசிறியை முகத்துக்கு முகம் வைத்து ஒன்றைப் போட்டால், காற்றில் மற்றதும் சுற்றும். அதே விளையாட்டுத்தான், காற்றுக்குப் பதிலாக எண்ணெய். வண்டி நிற்கும்போது எஞ்சின் பக்க விசிறி சுற்றுகிறது, கியர் பக்க விசிறி நிற்கிறது. நடுவில் இருக்கிற எண்ணெய் கலக்குப்பட்டுச் சூடேறுகிறது. ஓடத் தொடங்கினதும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்கு வரும். ஒரு வேகத்துக்கு மேல் உள்ளே ஒரு தட்டு வந்து இரண்டையும் பூட்டிவிடும். லொக்-அப் என்பது அதுதான். பூட்டினால் வழுக்கல் இல்லை, வழுக்கல் இல்லாவிட்டால் சூடும் இல்லை.

பெட்டிக்குள்ளே கியர் மாற்றுவதும் தட்டுகள்தான். இரும்புத் தட்டும், காகிதம் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். அவற்றை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். எவ்வளவு முறுக்கத்தை (கராஜில் டோர்க் என்பார்கள்) ஒரு அடுக்கு தாங்கும் என்பது தட்டு எத்தனை, அவற்றின் அகலம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்கிறது என்பவற்றில் இருக்கிறது. தட்டின் எண்ணிக்கை மாறாது, அகலமும் மாறாது. அழுத்தம் மட்டும் மாறும். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பார்த்து வாகனத்தின் கணினி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்.

இப்போது அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். ரெயிலில் உள்ள உண்மையான அழுத்தத்தைக் குறைத்து கணினிக்குச் சொல்கிறது. கணினி, "ஐயோ குறைந்துவிட்டதே" என்று பம்பைக் கூட்டுகிறது. கூடுதல் டீசல் உள்ளே போகிறது, வலு கூடுகிறது. ஆனால் கணினியின் கணக்கில் எஞ்சின் பழைய அளவுதான் இழுக்கிறது. ஆகவே கியர் பெட்டிக்கும் பழைய அளவு அழுத்தத்தையே கொடுக்கிறது. 30 சதவீதம் கூடின முறுக்கத்தைப் பழைய பிடியில் பிடிக்கச் சொன்னால் தட்டு வழுக்காமல் என்ன செய்யும்? இயக்கச்சியில் கேட்ட அந்த "டர்ர்" லொக்-அப் தட்டு வழுக்கின சத்தம். டீசல் எஞ்சினுக்கு முறுக்கம் கீழ் வேகத்திலேயே உச்சத்துக்கு வந்துவிடும், பூட்டும் தட்டுக்கு அடி விழுவதும் அதே இடத்தில்தான்.

நிறுவையில் பொய் வைத்து வியாபாரம் செய்வது எங்கள் மார்க்கத்தில் பெரிய குற்றம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். இந்தப் பெட்டி செய்வதும் அந்த வேலைதான். "கியருக்கு ஒரு பாதிப்பும் இல்லை" என்று சொல்லி அதை விற்றவர் அந்தப் பொய்யின் மேல் இன்னொரு பொய்யை வைத்தார்.

மணலுக்கு வருவோம். இந்தக் கணக்கை நான் வகுப்பில் பலகையில் போட்டேன். வண்டி புதைந்து நிற்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று, கன்வேட்டருக்குள் போகும் முறுக்கம் 200 நியூட்டன் மீற்றர் என்று வையுங்கள். பெருக்கினால் ஏறத்தாழ 42 கிலோவாற்று. சில்லு அசையவில்லை என்றால் அந்த 42 கிலோவாற்றும் எண்ணெயில் சூடாக இறங்கும். வீட்டில் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் 2 கிலோவாற்று. அதாவது 21 கேத்தலை எட்டு லீற்றர் எண்ணெய்க்குள் ஒரே நேரத்தில் வைத்தது போல. எட்டு லீற்றர் எண்ணெய் ஏழு கிலோவுக்குக் கிட்ட நிறை, தன்வெப்பம் தண்ணியின் பாதி அளவு. செக்கனுக்கு 3 பாகை ஏறுகிறது. இரும்பும் கொஞ்சம் சூட்டை வாங்கும், கூலரும் கொஞ்சம் எடுக்கும், ஆகவே உண்மையில் இதைவிடக் குறைவு. குறைவு என்றாலும் பாதி என்று வையுங்கள், அரை நிமிடம் மிதித்தால் 45 பாகை. 90 இல் இருந்த எண்ணெய் 135 க்கு வந்துவிடும். அரை மணித்தியாலம் மிதித்தார்கள்!

கடைசிப் பிள்ளை ஒருவன் எழும்பி, "30 வீதம் வலு கூட்டினா சூடும் 30 வீதம் கூடுமா சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கூடும், ஆனால் அதைவிட அதிகமாக. கன்வேட்டர் உள்வாங்கும் முறுக்கம் சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. முறுக்கம் 1.3 மடங்கு என்றால் நிற்கிற நிலையில் எஞ்சினின் சுற்றும் 1.14 மடங்கு ஆகிவிடும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். சூடு கிட்டத்தட்ட 1.5 மடங்கு. 30 சதவீதம் வலு விற்றவர் 50 சதவீதம் சூட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எண்ணெய்க்கு 80, 90 பாகை சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகிக்கொண்டு போகும் என்பது பொதுவான கணக்கு. இரசாயனவியலில் வெப்பநிலை கூடினால் தாக்கவீதம் கூடும் என்று நாங்கள் படிப்பிக்கிற அதே பாடம். 120 தாண்டினால் எண்ணெய் கருகிப் படலமாக உள்ளே ஒட்டத் தொடங்கும். 150 க்குப் போனால் றப்பர் சீல் இறுகிப்போகும், தட்டின் ஒட்டுப் பொருள் உரியும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வினை அல்ல. அமெரிக்காவில் 1989 இல் டொட்ஜ் தன் பிக்கப்பில் கமின்ஸ் 5.9 லீற்றர் டீசலைப் பூட்டியது. ஆறு சிலிண்டர், உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் பொருத்தமாகச் செய்த எஞ்சின். 160 குதிரைவலுதான், ஆனால் முறுக்கம் 540 நியூட்டன் மீற்றருக்கு மேல். பின்னால் வைத்த ஒட்டோ 1960களில் பெற்றோல் கார்களுக்காக வந்த கிறைஸ்லர் பெட்டியின் பரம்பரை. அந்த எஞ்சினைச் சனம் சும்மா விடவில்லை. பம்பைத் திருகினார்கள், பிறகு வந்த எஞ்சின்களுக்குச் சிப் போட்டார்கள், பெட்டிகள் வரிசையாகக் கருகின. அங்கே என்ன நடந்தது தெரியுமா? "டீசலுக்கு ஒட்டோ சரிவராது" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் தேத்தண்ணி குடிக்கவில்லை. வால்வ் பொடியைத் திருத்தி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டினார்கள். லொக்-அப்புக்கு ஒற்றைத் தட்டுக்குப் பதிலாக மூன்று தட்டுள்ள கன்வேட்டர் செய்தார்கள். உள்ளே போகும் தண்டைப் பலமான உருக்கில் கடைந்தார்கள், தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், கூலரைப் பெரிதாக்கினார்கள். அதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. 2001 இல் ஜீஎம் தன் டீசல் பிக்கப்புக்கு லொறி, பஸ் பெட்டி செய்கிற அலிசனின் பெட்டியை வைத்தது. தட்டு வழுக்குவதைக் கண்டால் அந்தப் பெட்டியின் கணினி நொண்டி ஓட்டத்துக்குப் போய்விடும், மேற்கொண்டு மிதிக்க விடாது. சிப் போட்ட ஆட்களுக்கு அது பெரிய எரிச்சல். எனக்கு அந்தக் கணினி மேல் மரியாதை.

அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஓடும் அதே ரொயோட்டா டீசல்களோடு பாலைவனத்துக்குப் போகிறவர்கள், பாரம் இழுக்கும்போது லொக்-அப்பைத் தாங்களே பூட்டி வைக்க ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே வலு கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சினுக்கு ஒரு ரூபா செலவழித்தால் பெட்டிக்கும் ஒரு ரூபா வேண்டும். பெட்டிக்குச் செலவழிக்கக் காசு இல்லையென்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். ஒழுங்கான ரீமேப் செய்கிறவர் ஒட்டோ வாகனம் என்றால் 2000 சுற்றுக்குக் கீழே முறுக்கத்தைக் கூட்டமாட்டார், கியர் மாறும் நேரத்தில் குறைத்தும் விடுவார். உங்களிடம் வருகிறவரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். முழித்தால் அனுப்பிவிடுங்கள்.

"அப்ப மனுவல் எண்டா பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்பீர்கள். அதே பெட்டியைப் பூட்டின மனுவல் வான்காரர் ஒருவர் ஒரு வருசத்துக்குள் இரண்டு கிளச் செட் மாற்றினார். அதைப் பற்றி யாரும் "மனுவலே சரிவராது" என்று சொல்லவில்லை. "கிளச் தேய்ஞ்சிட்டுது" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கிளச் தேய்ந்தால் கிளச்சின் விதி, ஒட்டோ தட்டு தேய்ந்தால் ஒட்டோவின் குற்றமா?

இனி எண்ணெய்க் கதை. "ஒட்டோவில ஒயில் மாத்தினா கியர் போயிடும்" என்பது வன்னியில் வேதவாக்கு. எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீற்றர் மாற்றாமல் ஓடுவார்கள். சிவப்பு எண்ணெய் பிளேன்ரீ நிறத்துக்கு வந்து, பிறகு கோப்பி நிறத்துக்கு வந்து, கருகின மணம் வரும். கியர் வழுக்கத் தொடங்கின பிறகு பயந்துபோய் மெசினைப் போட்டு முழுவதையும் கழுவி மாற்றுவார்கள். அடுத்த மாதம் பெட்டி போய்விடும். எண்ணெயில் பழி. சாகக் கிடந்த நோயாளிக்குக் கடைசியாகத் தண்ணி கொடுத்தவன்தான் கொன்றான் என்பது போல. பெட்டி நன்றாக இருக்கும்போதே மாற்றவேண்டும். என் கணக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. மணலிலும் பாரத்திலும் ஓடுகிறவர் அதற்கும் முன். மெசின் வேண்டாம். கீழே உள்ள நட்டைக் கழற்றி இறங்குவதை இறக்கி, அதே அளவு ஊற்றி, கொஞ்ச நாள் ஓடித் திரும்ப இறக்குங்கள். புத்தகத்தில் ரி-ஐவி என்று இருந்தால் ரி-ஐவி, டபிள்யூஎஸ் என்று இருந்தால் டபிள்யூஎஸ். "எல்லாம் சிவப்புத்தானே" என்று ஊற்றுகிற கராஜுக்குத் திரும்பப் போகாதீர்கள். குச்சி உள்ள பெட்டியென்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சூடாக வைத்து அளவு பாருங்கள். கூட ஊற்றினாலும் நுரைத்துக் கெடும்.

பழைய டொல்பின், பழைய ஹைலக்ஸ் ஒட்டோக்காரருக்கு ஒரு சொல். உங்கள் பெட்டியில் அக்சிலேற்றரில் இருந்து கியர் பெட்டிக்கு ஒரு கேபிள் போகிறதா பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள். "கியர் இடிக்குது" என்று சொன்னால் அதைத் தளர்த்திவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இடிப்பு நிற்கும், மெத்தென்று மாறும், சில மாதத்தில் தட்டு கருகும். இடிக்கிற பெட்டியைவிட மெத்தென்று வழுக்கிற பெட்டிக்குப் பயப்படுங்கள்.

அடுத்தது ரேடியேற்றர், எங்கள் ஊருக்கே உரிய வருத்தம். ஒட்டோ எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் அனேகமான வாகனங்களில் ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கிறது. நாங்கள் அந்த ரேடியேற்றருக்கு ஊற்றுவது என்ன? கிணற்றுத் தண்ணி. பளைத் தண்ணியில் கேத்தல் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதுதான் ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. சூடு இறங்காது. கரையோரம் ஓடுகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்து குழாயை வெளியிலிருந்து தின்னும். ஒருநாள் உள்ளே துளை விழுந்தால் தண்ணி எண்ணெய்க்குள் போய், பெட்டியில் இருந்து மில்க் ரோஸ் மாதிரி ஒன்று வரும். அந்த நிறத்தைக் கண்டால் வண்டியை ஒரு அடியும் ஓடாதீர்கள், தட்டில் ஒட்டியிருப்பதைத் தண்ணி உரித்துவிடும். கூலன்ட் ஊற்றுவது இதையெல்லாம் விட மலிவு. பாரம் ஏற்றுகிறவர் ரேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு ஒயில் கூலர் போடுங்கள். ஒரு வெப்பமானியும் போடுங்கள். டாஷ்போர்டில் எரியும் விளக்கை நம்பவேண்டாம், அது எரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஓடும் முறையும் இருக்கிறது. மணலுக்கு இறங்க முன் டயர் காற்றைக் குறையுங்கள், நாலு சில்லு லோவில் போடுங்கள். லோவில் போட்டால் கன்வேட்டருக்குப் பாரம் குறையும். புதைந்தால் மிதிக்காதீர்கள், இறங்கி மண்வெட்டியை எடுங்கள். ஒருமுறை முயற்சித்துச் சரிவராவிட்டால் நியூட்றலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். பாரத்தோடு ஆனையிறவு தாண்டும்போது, அதுவும் சோளகம் வீசுகிற நாளில், பெட்டி நாலுக்கும் மூன்றுக்கும் இடையில் தடுமாறும். காற்றாலைக்காரருக்கு அந்தக் காற்று காசு, எங்களுக்குச் சூடு. ஓ/டி பொத்தான் இருந்தால் நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் 3 இல் போடுங்கள். கயிறு கட்டி இழுக்காதீர்கள். ஒட்டோவுக்குள் எண்ணெய் அனுப்பும் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்கச் சில்லு சுற்றினால் உள்ளே எல்லாம் காய்ந்தபடி உரசும். அண்ணையின் பெட்டியில் தப்பியிருந்த மிச்சமும் அன்றைக்கு அந்த உழவு இயந்திரத்தின் பின்னால்தான் முடிந்தது.

இரண்டாவது பெட்டி ஏன் போனது என்று கண்டுபிடித்தது, பளையில் தகரக் கொட்டிலில் வேலை செய்யும் ஒரு வயதான மெக்கானிக். ஒட்டோ பெட்டி பிரித்துப் பழகியவர் அல்ல. முதலில் வயரைத் தேடினார். அந்தச் சின்னப் பெட்டி இன்னும் அப்படியே இருந்தது! கொழும்பில் கியர் பெட்டி மாற்றினவர்கள் அதைக் கழற்றவில்லை, அண்ணையும் சொல்லவில்லை, "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு கூலர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். முதல் பெட்டியின் கருகின தூளும் இரும்புத் துகளும் அதிலிருந்து வந்தன. செத்த பெட்டியின் அழுக்கைப் புதுப் பெட்டிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி மாற்றினால் கூலரையும் மாற்றவேண்டும், இல்லையென்றால் நன்றாகக் கழுவவேண்டும். இந்த ஒரு வரியைத் தெரியாமல் இலட்சக்கணக்கில் போனது.

நான் அவரிடம் கேட்டேன், "அண்ணை, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" அவர் பொருளாதாரத் தடைக் காலத்துக் கதை சொன்னார். 1990 இல் எங்கள் ஆட்கள் வடக்கை விட்டுப் போகவேண்டி வந்ததால் நான் புத்தளத்தில் வளர்ந்தவன், அந்தக் காலத்தை நேரில் காணவில்லை. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளையும் ஏ40 காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து கார்புரேற்றருக்குக் கொஞ்சம் பீய்ச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. "ஆனா தம்பி, மண்ணெண்ணெய் எரியாமல் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். அதால ஒயிலை மணந்து மணந்து பாத்துக்கொண்டுதான் ஓடினனாங்கள். ஒண்டைக் கூட்டினா எது குறையுது எண்டு பாக்கோணும்." அவர் எந்தக் கலாசாலைக்கும் போகவில்லை. நான் கலாசாலையில் இரண்டு வருசம் இருந்து படித்ததில் இவ்வளவு தெளிவாக யாரும் சக்திக் காப்பு விதியைச் சொல்லவில்லை.

இங்கே என் சொந்த இனத்தையும், அதாவது ஆசிரியர்களையும், கொஞ்சம் திட்டவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையை உயிரியலுக்கு அனுப்புகிறோம். கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறவனைப் பார்த்து "நீ கராஜுக்குத்தான் லாயக்கு" என்கிறோம். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனத் தொழினுட்பம் படிக்கலாம். நாங்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் ஆறுதல் பரிசு போலத்தான் சொல்கிறோம். முறுக்கமும் அழுத்தமும் தன்வெப்பமும் தெரிந்த ஒரு பிள்ளை அந்தத் தகரக் கொட்டிலில் அந்த அண்ணைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் முதல் பெட்டியே தப்பியிருக்கும்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 மாசியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். திறந்தென்ன, வரியோடு சேர்த்து வரும் விலையைக் கேட்டு எங்கள் பக்கத்தில் சிரிக்கத்தான் முடியும். இருக்கிற கெப்தான் இன்னும் பத்து வருசத்துக்கு. "ஒட்டோ வேண்டாம்" என்று சொல்லும் வசதி இரண்டு காலும் உள்ளவர்களுக்கு இருக்கலாம். யுத்தம் முடிந்த இந்த மண்ணில் கிளச் மிதிக்க முடியாத எத்தனை பேர் உழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை உங்கள் ஒழுங்கையில் நடந்து எண்ணிப் பாருங்கள்.

அண்ணையின் கெப் இப்போது மூன்றாவது பெட்டியில் ஓடுகிறது. அந்தச் சின்னப் பெட்டி கழற்றப்பட்டு என் விஞ்ஞான அறையில் மேசை மேல் கிடக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்ட. முன்னால் தனி ஒயில் கூலர், ஸ்ரியரிங் பக்கத்தில் ஒரு வெப்பமானி. போன கிழமை தாளையடியில் மணலில் இருந்து ஏறி வரும்போது 104 மட்டும் போனதாம், நிறுத்தி நியூட்றலில் ஆறவிட்டு 90 க்கு வந்த பிறகு எடுத்தாராம். பழைய ஓட்டம் இல்லை என்று கொஞ்சம் கவலைப்படுகிறார். லீசிங் இரண்டு தவணை நிலுவை இருக்கிறது. பிள்ளை வகுப்புக்கு வருகிறாள்.

வருகிற சனிக்கிழமை காலை அந்தக் கொட்டிலில் கெப்பின் எண்ணெயை இரண்டாம் முறை இறக்குகிறோம். ஒட்டோ வைத்திருக்கிறவர்கள் வந்து நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். உங்கள் வாகனத்தின் குச்சியைத் துடைக்க வெள்ளைத் துணி ஒன்று கொண்டு வாருங்கள்.